அழிவுக்கு எண்ணியது ஆக்கத்திற்கு ஆயிற்று: கணித மேதை ஜான் வான் நியூமன்

முன்னுரை

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவம் பெறச் செல்வோரின் உறவினர் ஒன்றைக் கவனித்திருப்பர். ஸ்கேன் எடுத்த அன்றே மருத்துவம் தொடங்கிவிடுவதில்லை. சில நாள் கழித்து வருமாறு கூறி அனுப்பிவிடுகின்றனர். நோயின் வேகத்தை எண்ணி அஞ்சும் குடும்பத்தார்க்கு அந்நாள்கள் ஊழிகளாய்க் கழிகின்றன. அந்த இடைவேளையில் மருத்துவமனையின் ஓர் அறையில் கணக்கொன்று நடைபெறுவதைப் பலர் அறியார். எத்திசையிலிருந்து, எவ்வளவு கதிரைச் செலுத்தினால் கட்டி அழியும், கட்டியை ஒட்டிய நல்லுறுப்புகள் பிழைக்கும் என்பதே அக்கணக்கு.

அக்கணக்கைப் போடும் வழிகளுள் மிகச் செம்மையானதாகக் கருதப்படுவது மான்டி கார்லோ முறை என்பது. கதிர்த்துகள்கள் உடலினுள் எவ்வாறு பயணம் செய்யும் என்பதைக் கணிப்பொறியில் ஒவ்வொரு துகளாக நிகழ்த்திப் பார்க்கும் முறை அது. அது மருத்துவமனையில் பிறந்ததன்று. அணுகுண்டு உருவான இடத்திலே பிறந்தது. அதனைக் கணிப்பொறிக்கு ஏற்ற வடிவில் முதன்முதலாக வகுத்துத் தந்தவர் ஜான் வான் நியூமன். அப்பெருமகனாரே புற்றுநோயால் தம் 53ஆம் வயதில் உயிர்நீத்தார் என்பது வரலாற்றின் வியப்பான முரண். அவர்தம் வாழ்வையும், அவர் கையில் உருவான கணக்கு நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்த வகையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் 1903ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள் நியூமன் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யானோஷ். தந்தையார் மிக்சா, வங்கித் தொழிலில் உயர்ந்த யூதக் குடும்பத்தினர். 1913ஆம் ஆண்டு அவருக்கு உயர்குடிப் பட்டம் வழங்கப்பட்டது. பெயரின் இடையே நிற்கும் வான் என்னும் அடை அப்பட்டத்தின் வழி வந்ததாகும்.

சிறுவனின் நினைவாற்றலும் கணக்குத் திறனும் காண்போரை மருளச் செய்தன. ஆறு வயதிலேயே எட்டு இலக்க எண்களை மனத்தளவில் வகுத்து விடை கூறினார் என்பர். புடாபெஸ்டில் லூத்தரன் திருச்சபையினர் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, கணித ஆசிரியர் லாஸ்லோ ராட்ஸ் அவருடைய ஆற்றலைக் கண்டுகொண்டார். வகுப்பறைப் பாடம் இம்மாணவருக்குப் போதாது என்பதை உணர்ந்து, பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் தனியே பயில வழிசெய்தார். நல்லாசிரியர் ஒருவரின் கண்பார்வை ஒரு மாணவரை எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

கல்வியும் புகழும்

கணிதம் சோறு போடாது என்னும் கவலை அக்காலத் தந்தையர்க்கும் இருந்தது. அதனால் மகன் வேதிப்பொறியியல் பயிலவேண்டும் என்று மிக்சா விரும்பினார். தந்தையின் சொல்லையும் தட்டாமல், தம் விருப்பத்தையும் கைவிடாமல் இருவழியிலும் நடந்தார் நியூமன். 1926ஆம் ஆண்டு சூரிச் நகரில் வேதிப்பொறியியல் பட்டயம் பெற்றார். அதே ஆண்டில் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் கணிதத்திற்கான முனைவர் பட்டமும் பெற்றார்.

பின்னர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பேராசான் டேவிட் ஹில்பர்ட்டின் அருகிருந்து ஆய்வு செய்தார். 1928ஆம் ஆண்டு விளையாட்டுக் கோட்பாட்டிற்கு அடிப்படையான தேற்றத்தை நிறுவினார். குவாண்டம் இயக்கவியலுக்குக் கணித அடித்தளம் அமைத்த அவரது நூல் 1932ஆம் ஆண்டு வெளிவந்தது. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. 1933ஆம் ஆண்டு, ஐன்ஸ்டைன் பணியேற்ற அதே உயராய்வு நிறுவனத்தில் பேராசிரியரானார். அப்போது அவருக்கு அகவை முப்பதும் நிரம்பவில்லை. அதே ஆண்டில் ஹிட்லரின் ஆட்சி ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிலிருந்து யூத அறிஞர்களை வெளியேற்றத் தொடங்கிற்று. நியூமன் அமெரிக்காவையே தம் நாடாக ஏற்று, 1937ஆம் ஆண்டு குடியுரிமை பெற்றார்.

போரும் அணுகுண்டும்

இரண்டாம் உலகப்போர் அவரைத் தூய கணிதத்தினின்றும் பிரித்து வேறு களத்திற்கு இழுத்துச் சென்றது. 1943ஆம் ஆண்டு முதல் அவர் நியூ மெக்சிகோ மாநிலத்து லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் ஆலோசகரானார். அங்கே மறைவாக அணுகுண்டு உருவாகிக்கொண்டிருந்தது. புளூட்டோனியக் கோளத்தைச் சுற்றிலும் வெடிமருந்தை அமைத்து, அதன் அதிர்ச்சியலை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உள்நோக்கி நெருக்குமாறு செய்யும் நுட்பத்திற்கு அவருடைய கணக்குகள் பெருந்துணையாயின. 1945ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் பாலைவனத்தில் வெடித்த முதற்குண்டும், ஆகஸ்டு 9ஆம் நாள் நாகசாகியில் வீழ்ந்த குண்டும் இவ்வகையைச் சார்ந்தவை.

குண்டு வீசத்தக்க நகரங்களை ஆராய்ந்த குழுவிலும் அவர் இடம்பெற்றிருந்தார். இதனை மறைத்து அவருக்குப் புகழ்மாலை சூட்டுதல் நேர்மையாகாது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் மாண்டோரில் பெரும்பாலோர் போர்க்களம் காணாத பொதுமக்கள்; அவர்களுள் குழந்தைகளும் முதியோரும் அடங்குவர். போர் முடிந்த பின்னும் நியூமன் பின்வாங்கினாரல்லர். ஹைட்ரஜன் குண்டு ஆக்கும் முயற்சியையும் அவர் முழுமனத்துடன் ஆதரித்தார்.

கணிப்பொறியின் வரவு

குண்டுக் கணக்குகள் மலைபோற் குவிந்தன. அவற்றைக் கையாற் போட்டு முடிக்க ஆண்டுகள் போதா. இந்நிலையில் 1944ஆம் ஆண்டு கோடையில், அபர்டீன் தொடர்வண்டி நிலையத்தில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்னும் இளம் இராணுவ அதிகாரியை நியூமன் தற்செயலாகச் சந்தித்தார். பிலடெல்பியாவில் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி உருவாகி வருவதை அவர் வாயிலாக அறிந்தார். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களைக் கொண்டு, ஒரு பெருங்கூடத்தை அடைத்து நின்ற பொறி அது.

அதனைக் கண்ட நியூமனின் சிந்தை அடுத்த படிக்குத் தாவிற்று. எண்களைப் போலவே கட்டளைகளையும் பொறியின் நினைவகத்திலேயே வைக்கும் அமைப்பை விளக்கி 1945ஆம் ஆண்டு ஜூனில் ஓர் அறிக்கை எழுதினார். அக்கருத்தில் எக்கெர்ட், மாக்லி என்னும் பொறியாளர்களுக்கும் பங்குண்டு. எனினும் அறிக்கை நியூமன் பெயரால் வெளிவந்தமையால் அவ்வமைப்பு அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. இன்று நம் மேசைமேல் இருக்கும் கணிப்பொறியின் அடிப்படையும் அதுவே.

நோய்ப்படுக்கையில் பிறந்த வினா

நியூமனின் நெருங்கிய நண்பர் ஸ்டானிஸ்லா உலாம், போலந்து நாட்டுக் கணித அறிஞர். 1946ஆம் ஆண்டு மூளை அழற்சியால் கடுமையாக நோயுற்று, பிழைத்தெழுந்து ஓய்வில் இருந்தார். பொழுது போக்கச் சீட்டுக்கட்டை எடுத்துத் தனியே ஆடும் ஆட்டம் ஒன்றை ஆடிவந்தார். 52 சீட்டுகளையும் கலைத்து அடுக்கினால் அவ்வாட்டம் கைகூடும் வாய்ப்பு எவ்வளவு என்னும் வினா அவருள் எழுந்தது. சூத்திரத்தால் விடை காண முயன்றார், சிக்கல் மிகுந்தது. அப்போது எளிய வழியொன்று புலப்பட்டது. நூறு முறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை கைகூடிற்று என்று எண்ணிவிட்டால் விடை ஏறத்தாழக் கிடைத்துவிடுமன்றோ?

இக்கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சதுரமான முற்றத்தின் நடுவே வட்டமான தாம்பாளம் ஒன்றை வைத்துவிடுகிறோம். மழைத்தூறல் விழுகிறது. முற்றம் முழுவதும் விழுந்த துளிகள் எத்தனை, அவற்றுள் தாம்பாளத்தில் விழுந்தவை எத்தனை என்று எண்ணினால், அவ்விரண்டின் விகிதமே முற்றத்தில் தாம்பாளம் அடைத்துள்ள பரப்பின் பங்காகும். அளவுகோலும் சூத்திரமும் இன்றியே, துளிகளை எண்ணியே பரப்பை அறிந்துவிடுகிறோம். பத்துத் துளிகளை எண்ணினால் விடை தோராயமாக இருக்கும். இலட்சம் துளிகளை எண்ணினால் செம்மையாகும்.

உலாம் இதனை நியூமனிடம் கூறினார். குண்டினுள் நியூட்ரான்கள் பரவும் வகையை அறிய இதுவே ஏற்ற வழி என்பதை நியூமன் உடனே உணர்ந்தார். உலாமின் சிற்றப்பா ஒருவர் மான்டி கார்லோ நகரத்துச் சூதாட்டக் கூடத்திற்குச் செல்வதற்காக உறவினரிடம் கடன் வாங்கும் வழக்கமுடையவராம். அதனை நினைவிற்கொண்டு, உடன் பணியாற்றிய நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ் இம்முறைக்கு அந்நகரின் பெயரையே சூட்டினார். பெயர் சூதாடும் களத்தினுடையது, பணியோ அத்தன்மையதன்று. சூதாடுபவன் ஒரு வீச்சை நம்பிப் பொருளை இழக்கிறான். இம்முறையோ எந்த ஒரு வீச்சையும் நம்பாது, பல்லாயிரம் வீச்சுகளின் கூட்டையே நம்பி உண்மையை நாடுகிறது.

நூறு நியூட்ரான்கள்

1947ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் ராபர்ட் ரிச்ட்மயருக்கு நியூமன் விரிவான மடலொன்று வரைந்தார். கணிப்பொறியில் நியூட்ரான்களின் வாழ்க்கையை நிகழ்த்திப் பார்க்கும் திட்டம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது.

ஒரு நியூட்ரான் புறப்படுகிறது. எவ்வளவு தொலைவு சென்று ஓர் அணுக்கருவில் மோதும்? மோதிய பின் சிதறுமா, விழுங்கப்படுமா, அணுக்கருவைப் பிளந்து புதிய நியூட்ரான்களை வெளிப்படுத்துமா? தனியொரு நியூட்ரான் என்ன செய்யும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆயின், ஒவ்வொரு நிகழ்ச்சியின் வாய்ப்பு எவ்வளவு என்பது ஆய்வால் தெரியும். பத்தில் மூன்று பங்கு பிளவுக்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். சுழியம் முதல் ஒன்பது வரையுள்ள எண்களுள் ஒன்றைக் குருட்டுப்போக்கில் எடுத்து, அது 0, 1, 2 ஆகியவற்றுள் ஒன்றாயின் பிளவு என்று கொள்ளலாம். இவ்வாறு ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் எண் முடிவுசெய்ய, நியூட்ரானின் வரலாறு பிறப்பு முதல் இறுதி வரை எழுதப்பட்டுவிடும்.

குருட்டுப்போக்கு எண்களுக்குப் பொறி எங்கே போகும்? அதற்கும் நியூமன் ஓர் எளிய வழி கண்டார். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, விடையின் நடு இலக்கங்களை எடுத்துக்கொள்வது அவ்வழி. 1234ஐ அதனாலேயே பெருக்கினால் 01522756; நடுவே நிற்பது 5227. அதனை மீண்டும் அவ்வாறே பெருக்கினால் 27321529, நடுவே 3215. இவை உண்மையில் குருட்டுப்போக்கு எண்கள் அல்ல, அவ்வாறு தோற்றுவன மட்டுமே என்பதை அவர் நன்கறிவார். அவ்வழியின் குறைகள் பின்னர் வேறு வழிகளால் நீக்கப்பட்டன.

நூறு நியூட்ரான்களை, ஒவ்வொன்றுக்கும் நூறு மோதல் வரை தொடர்ந்து செல்ல எனியாக் பொறிக்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்று அம்மடலில் அவர் கணித்தார். 1948ஆம் ஆண்டு எனியாக்கில் அக்கணக்கு நடைபெற்றபோது, அதற்கான கட்டளைகளை எழுதியவர் நியூமனின் துணைவியார் கிளாரா. கணிப்பொறிக்குக் கட்டளை எழுதிய முன்னோடிகளுள் அவ்வம்மையாரும் ஒருவர் என்பதை நம் மாணவியர் அறிதல் வேண்டும். 1949ஆம் ஆண்டு மெட்ரோபோலிஸும் உலாமும் எழுதிய கட்டுரையால் மான்டி கார்லோ முறை உலகறிந்ததாயிற்று.

இறுதி நாள்கள்

1955ஆம் ஆண்டு மார்ச்சில் நியூமன் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினராகப் பதவியேற்றார். அவ்வாண்டுக் கோடையிலேயே தோளில் வலி தோன்றிற்று. ஆராய்ந்த மருத்துவர்கள், புற்றுநோய் எலும்பிற்குப் பரவிவிட்டதைக் கண்டனர். சில திங்களில் நடை போயிற்று. 1956ஆம் ஆண்டு பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் வழங்கிய பதக்கத்தைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே பெற்றுக்கொண்டார். ஏப்ரலில் வாஷிங்டனிலுள்ள வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதன்பின் அங்கிருந்து அவர் வீடு திரும்பவில்லை.

மனத்தாலேயே பெரும்பெரும் கணக்குகளைப் போட்டவர். ஒருமுறை படித்ததை மறவாதவர். நோய் முற்றியபோது அவ்வறிவே தளர்வதை அவர் தாமே உணர்ந்தார். உடல் வலியினும் அது அவரை மிகுதியும் வருத்திற்று. கணிப்பொறியையும் மனித மூளையையும் ஒப்பிட்டு ஆற்றவேண்டியிருந்த சொற்பொழிவுகளை எழுதி முடிக்க இயலவில்லை. 1957ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அவர் மறைந்தார். முற்றுப்பெறாத அச்சொற்பொழிவுகள் மறு ஆண்டு நூலாயின.

அவர் படுக்கையில் கிடந்த நாள்களில் கதிர்வீச்சு மருத்துவம் இல்லாமலில்லை. 1951ஆம் ஆண்டே கனடாவில் கோபால்ட் கருவிகள் நோயாளிகளுக்குப் பயன்பட்டன. ஆயின் கட்டியின் வடிவைக் காட்டும் கணிப்பொறி ஸ்கேன் அன்று இல்லை. உடலினுள் கதிர் பரவும் வகையைத் துகள் துகளாக எண்ணிச் சொல்லும் ஆற்றலும் அன்றைய மருத்துவமனைக்கு இல்லை.

மருத்துவத்திற்கு வந்த வகை

உடல் ஏற்கும் கதிரளவை கிரே என்னும் அலகால் அளப்பர். ஒரு கிலோகிராம் திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் அது ஒரு கிரே. பல நோய்களுக்கு நாளொன்றுக்கு 2 கிரே வீதம் வாரத்திற்கு ஐந்து நாள் அளிப்பது வழக்கம். 2 கிரே ஆற்றலால் உடற்சூடு ஒரு டிகிரியில் ஏறத்தாழ ஈராயிரத்தில் ஒரு பங்கே உயரும். நோயாளி எதனையும் உணரார். தொட்டுப் பார்த்தும் அறிய இயலாது. கணக்கும் கருவியுமே கண்களாக நின்று உதவவேண்டும்.

அக்கணக்கு பிழைத்தால் என்னாகும்? தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்கு 70 கிரே அளவு தேவைப்படுவதுண்டு. அதன் அருகே செல்லும் தண்டுவடமோ 45 முதல் 50 கிரே வரையே இடரின்றித் தாங்கும் என்று கொள்வர். அளவு குறைந்தால் புற்று மீண்டும் தலையெடுக்கும். மிகுந்தால் கைகால் செயலிழக்கக்கூடும். எனவேதான் கதிரளவில் பிழை 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுக் கதிரியல் அளவைக் குழு 1976ஆம் ஆண்டிலேயே வரையறுத்தது.

உடல் முழுதும் நீராயிருந்தால் சூத்திரமே போதும். உடலிலோ எலும்பு உண்டு. காற்று நிறைந்த நுரையீரல் உண்டு. நுரையீரலில் அமைந்த சிறு கட்டியை நோக்கி ஒடுங்கிய கதிரைச் செலுத்தும்போது, கதிரால் கிளம்பும் எலக்ட்ரான்கள் காற்றறைகளினூடே நெடுந்தொலைவு ஓடி, கட்டியின் விளிம்பில் படியவேண்டிய ஆற்றலை வெளியே கொண்டு சென்றுவிடும். பழைய எளிய சூத்திரங்கள் இதனைக் காணமாட்டா. விளிம்பிற்கும் போதிய கதிர் சேர்ந்ததாகவே கணக்குக் காட்டும். மான்டி கார்லோ முறையோ ஒவ்வொரு துகளையும் பின்தொடர்வதால் அவ்விழப்பையும் எண்ணிவிடுகிறது. நியூட்ரான் இருந்த இடத்தில் எக்ஸ் கதிரும் எலக்ட்ரானும் வந்தன. புளூட்டோனியம் இருந்த இடத்தில் நோயாளியின் ஸ்கேன் படம் வந்தது. எண்ணும் முறை மட்டும் மாறவில்லை.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. எலக்ட்ரானின் எண்ணற்ற சிறு மோதல்களைத் தொகுத்துக் கணக்கிடும் வழியை அமெரிக்கத் தர அளவை நிறுவனத்தின் மார்ட்டின் பெர்கர் 1963ஆம் ஆண்டு வகுத்தார். 1985ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு முடுக்கி மையத்திலிருந்து இ.ஜி.எஸ். 4 என்னும் மென்பொருள் வெளிவந்து, மருத்துவ இயற்பியலாளர் பலராலும் கையாளப்பட்டது. மருத்துவ முடுக்கிப் பொறியையே கணிப்பொறியில் அமைத்துக்காட்டும் மென்பொருளைக் கனடா நாட்டுத் தேசிய ஆய்வுக் கழகத்தார் 1995ஆம் ஆண்டு வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டு, பெரெக்ரின் என்னும் கதிரளவு மென்பொருளுக்கு அமெரிக்க உணவு மருந்துத் துறை இசைவளித்தது. அதனை உருவாக்கியது லிவர்மோர் ஆய்வகம்; 1952ஆம் ஆண்டு அணு ஆயுதத்திற்கென்றே தொடங்கப்பட்ட ஆய்வகம் அது.

இம்முறைக்குத் தடையாயிருந்தது காலமே. பிழையைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு துகள்களைத் தொடரவேண்டும். பத்தில் ஒன்றாகக் குறைக்க நூறு மடங்கு தொடரவேண்டும். எனியாக் ஐந்து மணி நேரத்தில் நூறு நியூட்ரான்களைத் தொடரும் என்பது நியூமனின் கணிப்பு. இன்றைய பொறிகள் கோடிக்கணக்கான துகள்களைச் சில நிமிடங்களில் தொடர்கின்றன. இன்று மருத்துவமனைத் திட்டமிடு மென்பொருள்கள் சிலவற்றில் இம்முறை நேரடியாகவே இடம்பெற்றுள்ளது. வேறு முறைகளைக் கையாளும் இடங்களிலும் அவற்றின் செம்மையைச் சோதிக்கும் உரைகல்லாக இதுவே விளங்குகிறது.

முடிவுரை

நியூமனை எவ்வாறு மதிப்பிடுவது? நாகசாகியில் மாண்டவர்களின் கணக்கை, இன்று பிழைக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையால் ஈடுசெய்துவிட இயலாது. அவ்வாறு கழித்துக் கூட்டிப் பார்த்தல் மாண்டோர்க்கும் நீதியன்று. தம் கணக்கு ஒருநாள் புற்றுநோயாளிக்குப் பயன்படும் என்று அவர் அதனை வகுத்தாருமல்லர். அதனை மருத்துவத்திற்குத் திருப்பியவர்கள் அவருக்குப் பின்வந்தோரே. ஓர் அறிவைப் பெற்றுக்கொள்பவர், அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதைத் தாமே புதிதாக முடிவுசெய்யவேண்டியுள்ளது என்பதை அவர்கள் செயல் நமக்குக் காட்டுகிறது. இயற்பியலும் கணிதமும் கணிப்பொறியியலும் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் மருத்துவ இயற்பியல் என்னும் துறை ஒன்று உண்டென்பதை நினைவிற்கொள்வார்களாக. படித்த கணக்கை நோயாளிக்குத் துணையாக்கும் வாய்ப்பு அங்கு உண்டு.

நம் வீட்டாருள் ஒருவர்க்கோ அண்டை வீட்டார்க்கோ இந்நோய் வந்து, ஸ்கேன் எடுத்தபின் சில நாள் காத்திருக்குமாறு மருத்துவர் கூறினால், அது வீணே கழியும் நாளென்று மனம் சோரவேண்டா. அந்நாள்களில்தான் கட்டிக்கு எவ்வளவு, தண்டுவடத்திற்கு எவ்வளவு என்று அவர்பொருட்டு ஒருவர் அமர்ந்து கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்.